கியர் மாறும்போது ஒரு வெட்டு: அதற்கும் வரலாறு உண்டு

கிளட்சை மிதித்து, கையால் கியர் மாற்றியே பழகிய தலைமுறை நாம். இன்று நம் பிள்ளைகள் ஓட்டும் ஆட்டோமேட்டிக் கார்களில் கிளட்ச் மிதியே இல்லை. கியர் மாறுவதே தெரிவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அப்படித் தெரியாமல் மாறுவதையே ஒரு குறையாக எண்ணி, வீட்டுக் கொட்டகையில் காருக்கு அடியில் படுத்து அதைத் திருத்திக்கொண்டவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்கள் கதை இது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஹைட்ராமாட்டிக்' கியர் பெட்டியை வைத்தது. பெருவாரியாக உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். முன்னோக்கி நான்கு கியர்கள். இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளிலும் உழைத்தது. உறுதியான பெட்டிதான், ஆனால் கியர் மாறும்போது ஒரு வெட்டு விழும். அதே நிறுவனத்தின் பியூக் பிரிவு 1948இல் 'டைனாஃப்ளோ'வைக் கொண்டுவந்தது. ஓட்டத்தில் கியர் மாற்றமே கிடையாது, வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும். வேகம் பிடிக்கத்தான் தாமதம். 1956இல் ஹைட்ராமாட்டிக்கையும் மென்மையாக்கினார்கள்.

இந்த மென்மையின் சூட்சுமம் 'வால்வு பாடி' என்ற பாகத்தில் இருக்கிறது. பெட்டியின் அடியில், எண்ணெய்த் தட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் உலோக வார்ப்பு அது. கறையான் அரித்த பலகைபோல உள்ளே வளைந்து வளைந்து எண்ணெய்க் கால்வாய்கள். அவற்றில் சிறு வால்வுகள் முன்னும் பின்னும் நகர்ந்து, எந்தக் கிளட்சுக்கு எண்ணெய் போகவேண்டும் என்று தீர்மானிக்கும். இவ்வகை வால்வைப் பிரெஞ்சில் 'திர்வார்' என்பார்கள். மேசை இழுப்பறைக்கும் அதே சொல்தான். ஆயுள் முழுதும் அலுவலக மேசையில் உட்கார்ந்தவனுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. எந்த இழுப்பறை திறக்கிறதோ அந்தக் கோப்புதான் நகரும்!

கால்வாய்களுக்கு இடையே துளைகள் போட்ட ஒரு தகடு உண்டு. துளை சிறிதானால் எண்ணெய் மெதுவாகச் சேரும், கிளட்ச் மெல்லப் பிடிக்கும். ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டனும் அழுத்தத்தைக் கொஞ்சம் தான் வாங்கிக்கொண்டு அதிர்ச்சியைத் தணிக்கும். பயணிக்குச் சுகம்தான். ஆனால் மெல்லப் பிடிக்கிறது என்றால் அதுவரை வழுக்குகிறது என்று பொருள். வழுக்கினால் சூடு, சூட்டில் கிளட்ச் தகடு தேயும், எண்ணெய் கருகும்.

இதை முதலில் கண்டுகொண்டவர்களில் பந்தயக்காரர்கள் முக்கியமானவர்கள். பாப் ஸ்பார், மார்ட் ஷூமன் என்ற இருவர் 1953இல் தொடங்கிய 'பி அண்ட் எம்' நிறுவனம் பந்தயக் கார்களுக்காக ஹைட்ராமாட்டிக்கை முறுக்கேற்றித் தந்தது. பிறகு கலிஃபோர்னியாவின் கில் யங்கர், தம் 'டிரான்ஸ்கோ' நிறுவனத்தின் மூலம் 'ஷிப்ட் கிட்' என்ற பொட்டலத்தைப் பிரபலமாக்கினார். அழுத்தமான ஸ்பிரிங்குகள், தகட்டில் எந்தத் துளையை எவ்வளவு பெரிதாக்குவது என்ற குறிப்பு, செய்முறைத் தாள். சாதாரணக் கார்க்காரருக்கும் வழி பிறந்தது.

பல மாடல்களில் கியர் பெட்டியை இறக்கவே வேண்டாம். எண்ணெயை வடித்து, தட்டைக் கழற்றி, வால்வு பாடியை மட்டும் இறக்கினால் போதும். ஆனால் உள்ளே பட்டாணி அளவில் உருண்டைகள் இருக்கும். ஒன்று இடம் மாறினாலும் கியர் ஒழுங்காக மாறாது. ஒரு தூசி போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். துளை விஷயம் குழம்பில் உப்புபோல: கூட்டலாம், குறைக்க முடியாது. அளவு மீறினால் ஒவ்வொரு மாற்றத்திலும் சம்மட்டி அடி விழுந்து மற்ற பாகங்கள் உடையும். ஏற்கெனவே தேய்ந்துபோன கிளட்சை எந்தப் பொட்டலமும் காப்பாற்றாது.

பிற்காலத்தில் கணினி வந்தது. அழுத்தத்தையும் நேரத்தையும் மின்சார வால்வுகளும் மென்பொருளும் கவனித்துக்கொள்ள, டிரில்லுக்கு வேலை குறைந்தது.

கம்பெனிக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாங்குபவர் முதல் நாள் ஓட்டிப் பார்க்கும்போது சுகத்தைத்தான் கேட்கிறார். பத்தாவது ஆண்டில் ரிப்பேர் செலவைத் தருபவருக்குத்தான் அந்தச் சுகத்தின் விலை தெரிகிறது. கொட்டகையில் படுத்தவர்கள் அந்தக் கணக்கைத் தங்கள் கையாலேயே சரிபார்த்தவர்கள். உங்கள் வீட்டுக் காரில் கியர் பிடிக்கத் தாமதமானாலோ, எண்ணெய் கருகிய வாசனை வந்தாலோ, 'மெத்தென்று போகிறது' என்று மகிழாமல் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.