சிபேலியஸின் ஐந்தாம் சிம்பொனி: நிலமும் காலப்பிரமாணமும்

ஜான் சிபேலியஸின் ஐந்தாம் சிம்பொனியைக் கேட்பவர்கள், பின்லாந்தின் ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் கண்முன் விரிவதாகச் சொல்வார்கள். அந்த அனுபவம் மெய்யானது. ஆனால் இசைப்பிரதியைத் திறந்து பார்த்தால் ஏரி என்றோ காடு என்றோ ஒரு சொல் கிடையாது. 'ஈ பிளாட் மேஜர், ஓபஸ் 82' என்பதோடு தலைப்பு நின்றுவிடுகிறது. உள்ளே ஸ்வரங்கள், வேகக் குறிப்புகள், எங்கோ ஓரிடத்தில் பாஸூன் வாசிப்பவருக்குத் துயரத்தைச் சுட்டும் ஓர் இத்தாலியச் சொல், அவ்வளவுதான். அப்படியானால் கோலைப் பிடித்து மேடையில் நிற்கும் நடத்துநர் எதைக் கொண்டு நிலத்தை எழுப்புவார்? காலப்பிரமாணத்தைக் கொண்டுதான் என்பது என் துணிபு. இந்தப் படைப்பில் இயற்கை நிறமாக வருவதைவிட வேகமாகவே வருகிறது.

1904இல் சிபேலியஸ் ஹெல்சிங்கியை விட்டு யார்வென்பாவில், டூசுலா ஏரிக்கு அருகே குடியேறினார். மனைவி ஐனோவின் பெயரால் அந்த வீடு அய்னோலா ஆயிற்று. 1915 ஏப்ரல் 21 அன்று, ஐந்தாம் சிம்பொனி உருவாகிக்கொண்டிருந்த நாள்களில், பதினாறு அன்னங்கள் தலைக்குமேல் வட்டமிட்டுச் சென்றதைக் கண்டார். வாழ்வின் மிகப் பெரிய அனுபவங்களுள் ஒன்று என்று அதை நாட்குறிப்பில் பதிந்தார். வட ஐரோப்பாவின் இந்தக் கூவும் அன்னம் வேட்டையால் அருகிக்கொண்டே போய், 1950 வாக்கில் பின்லாந்தில் சுமார் பதினைந்து இணைகளே எஞ்சின. பிறகு மீண்டு பெருகி, இன்று நாட்டின் தேசியப் பறவையாக இருக்கிறது. பதினாறு அன்னங்கள் ஒருசேரப் பறந்தது ஏன் அவரை அப்படி உலுக்கியது என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் நினைவோடு பிணைந்த பண்தான் இறுதிப் பகுதியில் ஹார்ன்களில் ஊசலாடி எழுகிறது.

சிம்பொனி ஒரே மூச்சில் முடிந்துவிடவில்லை. 1915 டிசம்பர் 8, அவருடைய ஐம்பதாம் பிறந்தநாள். அன்று ஹெல்சிங்கியில் அவரே நடத்தி அரங்கேற்றினார். ஊரே கொண்டாடியது, அவருக்கு மட்டும் நிறைவில்லை. அடுத்த ஆண்டு திருத்தினார். பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து விடுதலை, 1918இல் உள்நாட்டுப் போர் என நாடே குலைந்து மறுபடி நிமிர்ந்தது. இன்று நாம் கேட்கும் வடிவம் 1919 நவம்பரில்தான் மேடை கண்டது. முதல் வடிவத்தில் நான்கு பகுதிகள் இருந்தன. தொடக்கத்தில் ஹார்ன் எழுப்பும் புகழ்பெற்ற அழைப்பு அதில் இல்லை. திருத்தத்தின்போது முதலிரண்டு பகுதிகளையும் தையல் தெரியாமல் ஒன்றாக்கினார். நடத்துநருக்கு முதல் சோதனை அந்த இணைப்பில்தான்.

முதல் பகுதி 12/8 தாளக்கட்டில் நிதானமாகத் தொடங்குகிறது. நடுவே தந்தி வாத்தியங்கள் மிக மெல்லிய ஒலியில் முணுமுணுக்க, அதன்மேல் பாஸூன் தனியே புலம்பும். மூடுபனி என்று பலர் சொல்வது இந்த இடத்தைத்தான். அங்கிருந்து இசை மெல்லத் திரண்டு உச்சிக்கு ஏறும்போது, கணக்கு 3/4க்கு மாறுகிறது. முன்பு ஓர் அடியாக இருந்தது இப்போது மூன்றடி கொண்ட முழு அளவையாகிறது. கேட்பவருக்கு வேகம் மாறியதாகத் தோன்றாது. ஆனால் அடித்தளம் மாறிவிட்டது. அதன்பின் முடுக்கம், படிப்படியாக, நூற்றுக்கணக்கான அளவைகளுக்கு நீண்டு, கடைசியில் மூச்சுவாங்கும் துரிதத்தில் முடிகிறது. எந்த இடத்திலும் 'இதோ வேகம் கூடிவிட்டது' என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி அதை நடத்த வேண்டும். வடக்கில் இளவேனில் வருவது இப்படித்தான்: ஏரிப் பனிக்கட்டி எந்த நிமிடத்தில் இளகத் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முன்கூட்டியே வேகத்தைக் கூட்டிவிட்ட நடத்துநருக்குக் கடைசிப் பக்கங்களில் கூட்ட எதுவும் மிஞ்சாது. தயங்கியவர் இறுதியில் தாவிக் குதிக்க நேரிடும். இரண்டு வகையையும் பெரிய பெயர்களின் ஒலிப்பதிவுகளிலேயே கேட்கலாம்.

நடுப்பகுதி எளிமையான மாறுபாடுகளின் வரிசை. அதைக் கெடுப்பது கடினம். இறுதிப் பகுதி தந்திகளின் பரபரப்போடு பாய்கிறது. அதற்குமேல் அன்னப் பண் வருகிறது. ஹார்ன்கள் அகன்ற ஸ்வரங்களில் ஊசலாட, டபுள் பாஸ்கள் அதே பண்ணை மூன்று மடங்கு விளம்பத்தில் கீழே வாசிக்கின்றன. உயரே மரக்குழல்களும் செல்லோக்களும் வேறொரு நீண்ட பாடலை இழைக்கின்றன. பல்லவியை வெவ்வேறு காலங்களில் கேட்டுப் பழகிய நம் செவிக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். வேறுபாடு, இங்கே அந்தக் காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வராமல் ஒரே சமயத்தில் ஒலிக்கின்றன. சிறகடிப்பு ஒரு வேகம், கூட்டத்தின் வட்டம் ஒரு வேகம், கீழே அசையாத நிலம் ஒரு வேகம். பண்ணின் அழகில் மயங்கி அந்த இடத்தில் வேகத்தைத் தளர்த்தும் நடத்துநர்கள் பலர். அப்படிச் செய்தால் ஹார்ன்கள் கம்பீரமாக ஒலிக்கும், உண்மை. ஆனால் மூன்று காலங்களும் ஒன்றாகக் குழைந்து, வெறும் வெற்றி முழக்கமாகிவிடும். விரிந்து வாசிக்கும்படியான கட்டளையைச் சிபேலியஸ் முடிவை நெருங்கியபின்தான் எழுதினார்.

முடிவில் ஆறு கார்டுகள், நடுநடுவே மௌனம். 1915 வடிவத்தில் அந்த இடைவெளிகளைத் தந்திகளின் நடுக்கம் நிரப்பியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதை நீக்கி, ஆறு கார்டுகளையும் துணையின்றி நிறுத்தினார். அந்த மௌனங்களும் எண்ணி எழுதப்பட்டவை. கோல் உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தால்தான் வாசிப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே கணத்தில் விழுவார்கள். உணர்ச்சிக்காக இடைவெளியை நீட்டினால் அவை தனித்தனி வெடிகளாகச் சிதறும்; பழகாத அவையில் நடுவிலேயே கைதட்டலும் எழும். இரு வடிவங்களையும் ஓஸ்மோ வான்ஸ்கா லாஹ்தி சிம்பொனி இசைக்குழுவுடன் 1990களில் பதிவு செய்திருக்கிறார். இரண்டின் முடிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், எதை எடுத்தெறியத் துணிந்தார் இந்த மனிதர் என்பது விளங்கும்.

பின்லாந்து நடத்துநர்களான வான்ஸ்காவும் சலோனனும் ஓராமோவும் ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாதமியில் யோர்மா பனுலாவிடம் பயின்றவர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி ராபர்ட் கயானுஸ். 1882இல் ஹெல்சிங்கியில் இசைக்குழுவை நிறுவிய அவரைத்தான், தம் சிம்பொனிகளை லண்டனில் ஒலிப்பதிவு செய்யச் சிபேலியஸ் பரிந்துரைத்தார். 1932இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு அவர் பதித்த ஐந்தாம் சிம்பொனி இன்றும் கிடைக்கிறது. ஒலித்தரம் பழையது, வாசிப்பிலும் ஆங்காங்கே பிசிறுண்டு. ஆனாலும் முதல் பகுதியின் முடுக்கத்தைப் படிக்க விரும்பும் இளம் நடத்துநருக்கு நான் முதலில் கொடுப்பது அந்தப் பதிவைத்தான்.