பாம்புக் கூண்டுகளில் வெப்பமூட்டல்: ஒரு வரலாறு

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அன்று. வெயிலிலும் சுடுபாறையிலும் கிடந்து சூட்டைப் பெறுகிறது. மிகுந்தால் நிழலுக்கோ வளைக்கோ நகர்கிறது. (அடைகாக்கும் பெண் மலைப்பாம்பு தசைகளைத் துடிக்கச் செய்து சூடு உண்டாக்குவது அரிய விதிவிலக்கு. இந்திய மலைப்பாம்பில் இதை அளந்து உறுதிசெய்த நியூயார்க் ஆய்வு 1966-இல் வெளியானது.) உடற்சூடு போதாவிட்டால் விழுங்கிய இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும்; பாம்பு அதைக் கக்கிவிடும். ஆகவே குளிர்நாடுகளில் பாம்பு வளர்ப்பின் வரலாறு பெரும்பாலும் வெப்பமூட்டலின் வரலாறே எனலாம்.

லண்டன் விலங்குக் காட்சிச்சாலை 1849-இல் ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் ஒன்றைத் திறந்தது. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது. அக்காலத்தில் பெரிய பாம்புகளுக்குக் குளிர் தாங்கக் கம்பளி கொடுப்பது வழக்கம். 1851-இல் அங்கிருந்த போவா பாம்பு ஒன்று தன் கம்பளியையே விழுங்கி, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வெளியே கக்கியது. செய்தி வேடிக்கையானது, ஆனால் அதில் ஒரு பிழையான புரிதலும் தெரிகிறது. கம்பளி சூட்டைத் தராது, உள்ள சூட்டைத் தக்கவைக்கும், அவ்வளவே. மனிதருக்குப் பயன்படுவது, தன்னிடம் சூடே இல்லாத பாம்புக்கு எவ்வளவு பயன்படும்?

இந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜோன் பிராக்டர் (1897–1931). நோயுற்ற உடலோடு உழைத்த இவர் 1923-இல் லண்டன் காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளரானார். இவர் திட்டமிட்ட புதிய ஊர்வன இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. கட்டடம் முழுவதையும் ஒரே அளவில் சூடாக்குவதோடு அவர் நிற்கவில்லை. கூண்டுக்குள் குறிப்பிட்ட இடங்களை மட்டும் மின்சாரத்தால் சூடேற்றினார். புற ஊதாக் கதிரை உள்ளே விடும் கண்ணாடியையும் பொருத்தச் செய்தார். விலங்கு சூடான இடத்துக்குப் போகலாம், விலகியும் வரலாம். இன்று வீட்டுக் கூண்டுகளிலும் பின்பற்றப்படும் அடிப்படை இதுவே.

இதற்கான அறிவியல் விளக்கம் பின்னரே வந்தது. ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய இருவரும் கலிஃபோர்னியப் பாலைநிலத்தில் பாம்புகளையும் பல்லிகளையும் ஆராய்ந்து 1944-இல் கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வோர் இனமும் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்து, தன் உடற்சூட்டைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது என்று அது காட்டியது. நிழல் கிடைக்காவிட்டால் பாலைநிலத்துக் கிலுகிலுப்பைப் பாம்பும் வெயிலில் விரைவில் இறந்துபோகும். குளிர் மட்டுமன்று, தப்ப முடியாத சூடும் கொல்லும்.

பாம்பு வீட்டுச் செல்லப்பிராணியானபோது இந்தப் பாடம் பல இடங்களில் மறக்கப்பட்டது. உள்ளே மின்கம்பி வைத்த செயற்கைச் 'சுடுகல்' கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதன் பரப்பு சீராகச் சூடாவதில்லை. தோலைச் சுடும் பரப்பிலிருந்து பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்ப முடியாது. சுற்றியுள்ள காற்று குளிராக இருந்தால் அதன்மேலேயே சுருண்டு கிடக்கும். வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் காண்கின்றனர். சுடுகல் வாங்காமல் இருப்பதே நல்லது.

இப்போது வழக்கிலுள்ளவை கூண்டின் அடியில் வைக்கும் வெப்ப விரிப்பு, மேலிருந்து சூடு தரும் ஹாலோஜன் விளக்கு, ஒளியின்றிச் சூடு மட்டும் தரும் பீங்கான் குமிழ் ஆகியன. விரிப்பு தரையில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் பரவக் கூடாது. விளக்கை உள்ளே பொருத்தினால் கம்பிவலை மூடி வேண்டும். பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 பாகை செல்சியஸ், குளிர்ந்த முனையில் 24 முதல் 27 பாகை பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்கக் கூடாது. அதன் உணர்முனை நகர்ந்துவிட்டால், குளிர்ந்த இடத்தை அளந்துகொண்டு கருவி சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். எனவே உணர்முனையை ஒட்டிவைத்து, கூண்டைத் துப்புரவு செய்யும்போதெல்லாம் அதன் இடத்தைப் பார்க்க வேண்டும். சூடான முனையிலும் குளிர்ந்த முனையிலும் தனித்தனி வெப்பமானி வைத்து, தெர்மோஸ்டாட் காட்டும் அளவோடு ஒப்பிட வேண்டும். மடிந்த அல்லது நீர் புகுந்த விரிப்பை மாற்றிவிட வேண்டும்.