ஏர் இந்தியாவின் முதல் வகுப்பு

ஏர் இந்தியாவின் முதல் வகுப்பு என்பது அந்நிறுவனம் தன் நெடுந்தூர வெளிநாட்டு விமானங்களில் 1948 முதல் அளித்துவரும் உயர்கட்டணச் சேவை. 1950களிலும் 1960களிலும் உலகின் தலைசிறந்த வான்வழி விருந்தோம்பல்களில் ஒன்றாக அது மதிக்கப்பட்டது. அக்காலத்து உணவுப் பட்டியல் அட்டை, சாம்பல் கிண்ணம், சுவரொட்டி, மகாராஜா பொம்மை ஆகியவற்றை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்த விமானங்களில் ஒருமுறைகூடப் பறக்காதவர்களிடத்திலும் அக்காலம் குறித்த ஏக்கம் காணப்படுகிறது.

முன்வரலாறு

இச்சேவையின் வேர் ஓர் அஞ்சல் விமானத்தில் இருக்கிறது. இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல்வரான ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து புஸ் மாத் எனும் ஒற்றை எஞ்சின் விமானத்தை அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹூவுக்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். பயணிகளுக்கான வசதி எதுவும் அன்று இல்லை; சுமந்தது கடிதங்களை மட்டுமே. இருந்தாலும், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதம் இந்த அஞ்சல் காலத்தில்தான் நிறுவனத்துக்குள் ஊறியது.

1946இல் டாட்டா ஏர்லைன்ஸ் பொதுப் பங்கு நிறுவனமாகி ஏர் இந்தியா என்ற பெயரைப் பெற்றது. அதே ஆண்டு, நிறுவனத்தின் வணிகப் பிரிவைக் கவனித்த பாபி கூக்காவும் ஜே. வால்ட்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து தலைப்பாகையும் பெரிய மீசையும் கொண்ட மகாராஜாவைப் படைத்தனர். விமானத்தில் வழங்கும் குறிப்பேட்டுத் தாளுக்காக வரையப்பட்ட உருவம் அது. பயணியை வணங்கி வரவேற்கும் அந்தக் குனிந்த நிலையே பின்னாளில் முதல் வகுப்பின் முழு இயல்பையும் தீர்மானித்தது. பம்பாய் கெம்ப்ஸ் கார்னரில் கூக்கா நிறுவிய குறும்பான விளம்பரப் பலகைகள் ஊரே பேசும் பொருளாயின.

1948 மார்ச்சில் அரசும் டாட்டாவும் கூட்டாக ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனத்தைத் தொடங்கின. ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் 35 பயணிகளுடன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. ஒரு வழிக் கட்டணம் 1,720 ரூபாய். சாதாரண மாதச் சம்பளக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. ஆகவே பயணிகள் பட்டியலில் சமஸ்தானத்தாரும் தொழிலதிபர்களும் அரசு அலுவலர்களுமே இருந்தனர்.

வகுப்புப் பிரிவினை

அந்த முதல் பயணத்தில் வகுப்பு என்ற வேறுபாடே இல்லை. விமானத்தில் ஏறிய எல்லோரும் இன்றைய கணக்கில் முதல் வகுப்புப் பயணிகளே. மலிவான வகுப்பு பின்னால் வந்து சேர்ந்தது. அட்லாண்டிக் கடல் தடத்தில் 1952 மே 1 முதல் 'டூரிஸ்ட்' வகுப்பும் 1958 ஏப்ரலில் எகானமி வகுப்பும் அறிமுகமாயின. மற்றத் தடங்களும் இதைப் பின்பற்றின. அதுவரை பொதுவாக இருந்த இடம், மலிவுக் கட்டணப் பயணிகள் பிரிந்து சென்றபின் மீந்து முதல் வகுப்பாயிற்று. வரலாற்றைப் பின்னோக்கிப் படிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.

அவ்வகுப்பு விமானத்தில் எங்கே இருந்தது என்பதும் இன்று மறந்துபோன செய்தி. கான்ஸ்டலேஷனையும் 1954இல் வந்த சூப்பர் கான்ஸ்டலேஷனையும் நான்கு பிஸ்டன் எஞ்சின்கள் இழுத்தன. ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர்கள். சுழலிகளின் ஓசையும் அதிர்வும் முன்பகுதி இருக்கைகளில் நேராக மோதும். காபிக் கோப்பை தட்டில் தானாகக் கிடுகிடுக்கும். எனவே அமைதியான வால்பக்கமே விலை உயர்ந்த இடமாக இருந்தது. ஜெட் விமானம் வந்தபோது கணக்கு தலைகீழாயிற்று: ஓசை பின்னே தள்ளப்பட்டது, முதல் வகுப்பு மூக்குப் பக்கம் இடம் பெயர்ந்தது. இன்று விமானத்தில் ஏறியதும் இடப்பக்கம் திரும்புவதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் ஜெட் எஞ்சின் உண்டாக்கியதே.

கட்டணமும் விருந்தும்

அந்தக் காலத்து உபசாரம் ஏன் அவ்வளவு தாராளமாக இருந்தது என்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. 1945இல் ஹவானாவில் அமைக்கப்பட்ட ஐயாட்டா எனும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடுகள் கட்டணத்தை நிர்ணயித்தன; அரசுகள் அதற்கு ஒப்புதல் தந்தன. ஒரே தடத்தில் ஒரே வகுப்பில் எந்த நிறுவனமும் பத்து ரூபாய் குறைக்க முடியாது. ஆகவே போட்டி முழுவதும் சாப்பாட்டிலும் சிரிப்பிலும் பரிசுப் பொருளிலும் நடந்தது. எகானமி வகுப்பில் அதற்கும் கடிவாளம் போட்டார்கள். 1958இல் சில ஐரோப்பிய நிறுவனங்கள் எகானமி பயணிகளுக்குத் தந்த சாண்ட்விச்சுகள் அளவுக்கு மீறிச் செழிப்பாக இருப்பதாக அமெரிக்க நிறுவனங்கள் புகார் எழுப்பின. சாண்ட்விச் எப்படி இருக்க வேண்டும் என்று ஐயாட்டா தீர்ப்பே சொல்ல வேண்டியதாயிற்று. முதல் வகுப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நிறுவனங்கள் தம் கைவரிசை அனைத்தையும் அங்கேதான் காட்டின.

பணத்தால் வெல்ல முடியாத பெரிய நிறுவனங்களை ஏர் இந்தியா பண்பால் எதிர்கொண்டது. முதலில் பாவாடையும் மேற்சட்டையும் தொப்பியும் அணிந்த விமானப் பணிப்பெண்கள் பின்னர் புடவைக்கு மாறினர். உணவுத் தட்டிலும் சுவர்ச் சித்திரத்திலும் திரைச்சீலையிலும் இந்தியக் கலைமரபு இடம்பெற்றது. மேலை நாட்டு நிறுவனங்களைப் போலச் செய்யாமல் தனக்கென ஒரு முகம் வேண்டும் என்ற இந்தத் தெளிவே ஏர் இந்தியாவின் உண்மையான சாதனை.

டாட்டாவின் குறிப்புகள்

1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையானபோதும் ஜே.ஆர்.டி. டாட்டா தலைவராகத் தொடர்ந்தார். அதற்காக அவர் சம்பளம் பெறவில்லை. ஒவ்வொரு பயணத்தின்போதும், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரியவரைப் போல எல்லாவற்றையும் கவனித்து, இறங்கியதும் குறிப்பு எழுதி அனுப்புவார். ஜெனீவாவில் ஏற்றப்பட்ட தேநீரின் நிறம் காபியின் நிறத்திலிருந்து வேறுபடவில்லை என்று ஒரு குறிப்பு; அது இலையின் தரமா, அதிகம் கொதித்ததா என்று அவ்வூர் மேலாளர் விசாரிக்க வேண்டும் என்று அதன் தொடர்ச்சி. சில இருக்கைகள் நன்றாகச் சாய்கின்றன, சில சாயவில்லை. எல்லாம் நன்றாகச் சாயுமாறு சரிசெய்ய வேண்டும் என்று மற்றொன்று. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் விமானத் தொழிலை நடத்திய ஒருவர் தேநீரின் நிறத்துக்கு நேரம் ஒதுக்கியதில்தான் அந்த முதல் வகுப்பின் இரகசியம் அடங்கியிருக்கிறது. மேலதிகாரி பார்க்கிறார் என்ற உணர்வு சமையலறை வரை இறங்கியது.

ஜெட் காலம்

1960இல் ஏர் இந்தியாவின் முதல் போயிங் 707 ரக விமானமான 'நந்தா தேவி' வந்தது. அதே ஆண்டு மே மாதம் நியூயார்க் சேவை தொடங்கியது. முதல் வகுப்பில் நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள்; எகானமியில் மூன்று மூன்று. பயண நேரம் பாதியாகக் குறைந்ததால், இரவெல்லாம் படுத்துறங்கும் தேவை குறைந்து நீண்ட விருந்து நடுநாயகமானது.

இக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற நினைவுப்பொருள் சால்வடார் டாலி 1967இல் வடிவமைத்த பீங்கான் சாம்பல் கிண்ணம். ஏறக்குறைய 500 கிண்ணங்கள் செய்யப்பட்டு முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பரிசளிக்கப்பட்டன. நடுவில் சிப்பி, அதைச் சுற்றி ஒரு பாம்பு, கீழே தாங்கும் கால்களாக அன்னமும் யானைத் தலையும். அன்னத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் யானையாகும், யானையைக் கவிழ்த்தால் அன்னமாகும். டாலி கூலியாகப் பணம் கேட்கவில்லை, ஒரு யானைக்குட்டி கேட்டார். பெங்களூரிலிருந்து ஒரு குட்டி விமானத்தில் ஜெனீவா வரை சென்று, அங்கிருந்து லாரியில் ஸ்பெயினின் கடாகேஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு விமான நிறுவனம் விளம்பரச் செலவை இவ்வளவு அழகாகச் செய்தது வேறெங்கும் அரிது. அதே ஆண்டுகளில் எம்.எஃப். உசேன், வி.எஸ். கைத்தொண்டே போன்றோரின் ஓவியங்களையும் நிறுவனம் வாங்கிச் சேர்த்தது.

1971இல் 'எம்பரர் அசோகா' என்ற முதல் ஜம்போ ஜெட் வந்தது. ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் ராஜஸ்தானத்து மாட வடிவம் தீட்டி, விமானத்தையே வானில் பறக்கும் அரண்மனை என்று விளம்பரம் செய்தனர். முதல் வகுப்பிலிருந்து சுழல் படிக்கட்டு ஏறினால் மேல்தளத்தில் ஓய்வுக்கூடம். அடுத்தடுத்து வந்த ஜம்போக்களுக்கும் பேரரசர்களின் பெயர்களே சூட்டப்பட்டன; அவற்றுள் ஒன்று ராஜேந்திர சோழன். கடல் கடந்து கடாரத்துக்குப் படை அனுப்பிய மன்னனின் பெயரைக் கடல் தாண்டும் விமானத்துக்கு வைத்தது மிகப் பொருத்தம்.

சரிவு

1978 ஜனவரி 1 அன்று 'எம்பரர் அசோகா' பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய சில நிமிடங்களில் பாந்த்ரா அருகே கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தனர். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 1 அன்று, மொரார்ஜி தேசாய் அரசு டாட்டாவைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. 1980இல் இந்திரா காந்தி அவரை இயக்குநர் குழுவில் மட்டும் மீண்டும் சேர்த்தார். முதல் வகுப்பின் சரிவு இந்த நீக்கத்திலிருந்தே தொடங்குகிறது. குறிப்பு எழுத ஆள் இல்லாமல்போன இடத்தில் தேநீர் எந்த நிறத்தில் இருந்தாலும் யாரும் கேட்கவில்லை.

வெளிக்காரணங்களும் இருந்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் உலகெங்கும் மேல்தள ஓய்வுக்கூடங்கள் இருக்கைகளாக மாற்றப்பட்டன. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பிற நாடுகளும் மெல்ல அவ்வழியே சென்றன. கட்டணமே போட்டியானபோது விருந்து செலவுக் கணக்காயிற்று. அதே காலத்தில் தோன்றிய பிசினஸ் வகுப்பு நிறுவனச் செலவில் பறப்போரை ஈர்த்துக்கொண்டது. 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்பிலேயே முழுக்கப் படுக்கும் இருக்கையைத் தந்தபின், அதைவிட இரு மடங்கு கொடுத்து முதல் வகுப்பில் செல்ல ஏது காரணம் என்ற கேள்வி எல்லா நிறுவனங்களையும் துரத்தியது.

ஏக்கத்தின் அளவுகோல்

இருக்கையை மட்டும் அளந்தால் பழைய முதல் வகுப்பு இன்றைய பயணியை வியக்க வைக்காது. 1960களில் வரிசைக்கு வரிசை இடைவெளி சுமார் 38 முதல் 42 அங்குலம்; இன்று பிரீமியம் எகானமியில் கிடைப்பது ஏறக்குறைய அதே. தனித் திரை இல்லை, படுக்கை இல்லை, பக்கத்து இருக்கைக்காரரின் சுருட்டுப் புகை உண்டு. 1950இல் 'மலபார் பிரின்சஸ்', 1966இல் அணு அறிவியலாளர் ஹோமி பாபா பயணம் செய்த 'காஞ்சன்ஜங்கா' ஆகிய இரண்டுமே ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையில் மோதி அழிந்தன. பாதுகாப்பில் இன்றைய பயணம் ஒப்பிட முடியாத அளவுக்கு மேம்பட்டது. அன்று முன்வரிசையில் அமர்ந்தவர்களின் எண்ணிக்கையைவிடப் பல நூறு மடங்கு இந்தியர்கள் இன்று எகானமியில் பறக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனாலும் ஏக்கத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. பயணி ஒருவரைப் பணிப்பெண் பெயர் சொல்லி அழைத்ததும், சாப்பாடு மணிக்கணக்கில் நிதானமாகப் பரிமாறப்பட்டதும், இந்தியாவின் கலையைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கியதும் நடந்த உண்மைகள். இன்றைய முதல் வகுப்பு கதவடைத்த சிறு அறையையும் பெரிய திரையையும் தருகிறது. மனிதரை விட்டு மனிதரைப் பிரித்து வைப்பதே இன்று ஆடம்பரம். அன்றோ ஆடம்பரம் என்பது கூடி உட்காருவதாக இருந்தது. இழப்பு அங்கேதான்.

தற்போதைய நிலை

பிற்கால ஜம்போ 747-400 விமானங்களில் 12, போயிங் 777-200எல்ஆரில் 8, 777-300இஆரில் 4 என முதல் வகுப்பு இருக்கைகள் அமைந்தன. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் வந்தது. கடைசி ஜம்போக்கள் விற்கப்பட்டன. 2024 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய ஏர்பஸ் ஏ350 விமானங்களில் 28 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி, 264 எகானமி இருக்கைகள் உள்ளன. முதல் வகுப்பு இல்லை.