கடாரம்

கெடா மாநிலத்தின் பழந்தமிழ்ப் பெயர். தமிழில் கடாரம் என்றால் அகன்ற பெரிய கொப்பரை, வடமொழியில் கடாஹம். பட்டினப்பாலையில் வரும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரைக்கிறார். ஆக, சோழன் இராசேந்திரன் படையெடுத்த 1025க்கு முன்பே இது வணிகர் வாயில் புழங்கிய துறைமுகம். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைத் தந்தான். படையை மட்டும் பேசி இந்த உறவை மறப்பது பெரும் குறை.

வந்தவர் பெயரை நிலம் ஏற்பது உண்டு: வைக்கிங்குகள் குடியேறிய பிரெஞ்சுக் கரை, வடவர் நாடு என்ற பொருளில் நார்மண்டி ஆயிற்று. இங்கோ ஊரின் பெயர் வென்ற இராசேந்திரனிடம் போனது: ‘கடாரங்கொண்டான்’. சோழநாட்டில் அது ஊர்ப்பெயராகவும் நிற்கிறது.

பழைய கடாரத்தின் சுவடு கெடாவில் இன்றும் உண்டு: ஜெராய் மலையடியில், மெர்போக்கின் புக்கிட் பத்து பகாட் கோயிலில் கூரை இல்லை. மரத்தூண்களைத் தாங்கிய கல்லடிகள் வரிசையாக இருக்கின்றன. சுங்கை பட்டாணி, கூலிம் தோட்டங்களுக்குப் பால்மரம் சீவ வந்த நம்மவர் பேச்சில் ஊர் ‘கெடா’தான். கடாரம் மேடையிலும் ஏட்டிலும் வாழ்கிறது.