சுவரில் ஒரு கரிக்கோடு

காரைக்குடியில் அப்பா அம்பாசிடர் ஓட்டிய வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கட்டில் கார் ஷெட். ஷெட்டுக்கு நேர் எதிரே வெள்ளையடித்த சுவர். பத்து வயதில் என் இடுப்பு உயரத்துக்கு அந்தச் சுவரில் இரண்டு கரிக்கோடுகள் இருந்தன, ஒன்றுக்கு 3 அங்குலம் கீழே மற்றொன்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அவற்றின்மேல் மட்டையை வைக்கப் போக, அப்பா ஓடிவந்து தடுத்தார்.

"என்ன டிரைவரே, செவத்துல கரியக் கிறுக்கி வச்சிருக்கீங்க?" என்று வீட்டுக்கார ஆச்சி கேட்டார்.

"லைட்டுக்குப் போட்ட கோடு ஆச்சி. எதுக்க வர்றவன் கண்ணு கூசாம இருக்கணும்ல. அது மட்டும் இருக்கட்டும்."

ஆச்சி சம்மதித்தார். கோட்டை விட்டுச் சுற்றிலும் அடித்தார்கள்.

நாற்பது வருடம் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன் நான். எத்தனையோ கருவிகள் வந்து போயின. எனக்கு அந்தக் கோட்டை மிஞ்சியது எதுவும் இல்லை. அப்பா அதைப் போட்ட விதம் இதுதான். வண்டியைச் சுவரை முட்டுகிற மாதிரி கொண்டுபோய் நிறுத்துவார். இரண்டு லைட்டின் நடுப்புள்ளியையும் கரியால் குறித்து, குறுக்கே மேல்கோடு இழுப்பார். பிறகு நேராக 25 அடி பின்னால் எடுப்பார். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், தரை மட்டமாக இருக்க வேண்டும், ஓட்டுகிற சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பல நாள் அந்த ஆள் நான்தான். என் எடை போதாது என்று மடியில் ஒரு அரிசிச் சிப்பத்தை வைப்பார். இருட்டியதும் டிம் போட்டு, குரோம் ரிம்மைக் கழற்றி, மேலே இருக்கிற ஸ்குரூவைத் திருப்புவார். அது ஏற்ற இறக்கத்துக்கு. பக்கத்து ஸ்குரூ இட வலத்துக்கு. வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் வந்து உட்கார்ந்ததும் ஸ்குரூடிரைவரைத் துடைத்து வைத்துவிடுவார்.

25 அடி என்பது 300 அங்குலம். அதற்கு 3 அங்குலம் இறக்கம், அதாவது நூற்றுக்கு ஒன்று. ஐரோப்பிய விதிகளில் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்று வருவதும் இதே கணக்குதான். லைட் இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் வெளிச்சம் 250 அடியில் தரையைத் தொடும். ஸ்குரூ தளர்ந்து மட்டத்துக்கு மேலே அதே அளவு தூக்கிவிட்டால், 100 அடி தூரத்தில் வெளிச்சம் லைட் உயரத்தைவிட ஓர் அடி ஏறி எதிர்க்காரின் கண்ணாடியில் போய் நிற்கும்.

ஆரம்பகாலக் கார்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டி, அதில் வருகிற அசிட்டிலீன் வாயு எரியும். திருவிழாக் கடைகளில் மூக்கைத் துளைத்த அதே வாடை, அதே வெள்ளைச் சுடர். 1912-இல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு மின்விளக்கையும் சேர்த்துக் கொண்டுவந்தது. மின்விளக்கு பரவப் பரவ எதிரே வருபவரின் கண்கூச்சம் பெரிய பிரச்சினையானது. வெளிச்சத்தைத் தாழ்த்த வண்டியை நிறுத்தி இறங்க வேண்டிய நிலைகூட இருந்தது. 1925-இல் ஆஸ்ராம் கம்பெனியின் பிலக்ஸ் பல்பு வந்தது. ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை. அம்பாசிடரில் கிளட்ச் பக்கத்தில் தரையில் இருந்த சுவிட்சை அப்பா இடதுகாலால் தட்டுவாரே, அந்தத் தட்டலுக்கு வேலை கொடுத்தது இந்த இரண்டு இழைதான்.

அந்தப் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் நகம் அளவுக்கு ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். இழையிலிருந்து கீழே போகிற வெளிச்சத்தை அது மறைத்துவிடும். மேல்நோக்கிப் போவது மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டு, கீழே திரும்பிச் சாலையில் விழும். 1971-இல் வந்த எச்4 ஹாலஜன் பல்பிலும் இதே கிண்ணம்தான். நேராகக் கண்ணில் அடிக்கக்கூடாது என்று பல்பின் நுனிக்கும் கருப்பு பூசியே அனுப்புகிறார்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஹெட்லைட்டின் மேல்பாதிக்குக் கருப்பு பெயின்ட் அடிக்கிற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பிறகு நடுவில் கருப்பு ஸ்டிக்கர் வந்தது. எஃப்.சி. காட்டப் போகிற அன்று காலையில் என் கடை வாசலில் வரிசையாக நிற்பார்கள், "ஒரு பொட்டு வச்சு விடுங்கண்ணே" என்று. போர்க்காலத்தில் விளக்கை மறைத்ததற்கு நியாயம் உண்டு, மேலே பறக்கிற விமானத்துக்குத் தெரியக்கூடாது. அமைதிக் காலத்தில் மேல்பாதியை அடைத்தால், டிம்மில் சாலைக்குப் போகிற வெளிச்சம்தான் முதலில் செத்துப்போகும். அது போதவில்லை என்று ஓட்டுநர் பிரைட்டிலேயே போவார். அதுவும் போதாமல் 60/55 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100/90 பல்பு மாட்டுவார். ஸ்குரூவை இரண்டு சுற்று திருப்பினால் தீர்ந்திருக்கும் சங்கதி.

அப்பாவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து திரும்பும்போது, திருமயம் தாண்டி, எதிரே ஒரு லோடு வண்டி. பின்பக்கம் பாரத்தால் அமுங்கி மூக்கு தூக்கியிருந்தது. டிம்தான் போட்டிருந்தார்களாம், ஆனாலும் வெளிச்சம் நேராக அப்பா கண்ணில். இரண்டு நொடி எதுவும் தெரியவில்லை. கார் ரோட்டை விட்டுக் கண்மாய்ச் சரிவில் இறங்கி நின்றது. இடது மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகு அவர் இராத்திரி ஓட்டவில்லை. அந்த ஓட்டுநர்மேல் அப்பாவுக்குக் கோபம் இல்லை. "அவனுக்கு யாரும் கோடு போட்டுக் காட்டலடா" என்றுதான் சொன்னார்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் வெளியே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசக்கூடாது. படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருமயம் ரோட்டில் போன அப்பாவின் கண்கள்தான் ஞாபகம் வரும்.

இன்றைய கார்களில் பாரத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை இறக்க, டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. பின்சீட் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்கூட அதைத் தொடுவதில்லை. எல்இடி வந்தபின் வெளிச்சத்தின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிட்டதால், ஓர் அங்குலம் ஏறினாலும் எதிராளிக்கு வலிக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் ஒரு நாள் இருட்டியதும், மட்டமான இடத்தில், உங்கள் காரை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, அப்பா செய்ததுபோல இரண்டு கோடும் போட்டு, 25 அடி பின்னால் எடுங்கள். அந்தச் சக்கரத்தை 0-வில் வையுங்கள். வீட்டில் ஒருவரை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். லைட்டுக்குப் பக்கத்தில் சின்ன விளக்குப் படத்தோடு 1% அல்லது 1.2% போல ஓர் எண் இருந்தால் அதன்படி இறக்கத்தைக் கணக்கிடுங்கள். இல்லையென்றால் 25 அடிக்கு 3 அங்குலம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் சற்று மேலேறித் தெரியும். அது பிழையல்ல, நடந்து போகிறவரைக் காட்டுவதற்கு. வலப்பக்க விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிற்காவிட்டால் ஸ்குரூவைத் திருப்புங்கள். ஆனதும் அந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள்.