சிற்றுலையும் பேருலையும்

சிறுமியர் மணலில் இழைத்த சிற்றிலைக் கண்டு பெருவீட்டின் வடிவை அறியலாம். அதன் உத்தரம் தாங்கும் பாரத்தை அறிய இயலாது. அணு உலைகளின் பாதுகாப்பை ஆராய்ந்த அறிஞர்கள் இவ்வுண்மையைப் பெரும் பொருட்செலவில் கற்றனர்.

உலையைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் உடைந்தால், அவசரநீர் வேறு வழியே புகுந்து எரிபொருளைக் காக்க வேண்டும். உண்மை உலையில் குழாயை உடைத்துப் பார்க்க யார் துணிவர்? ஆகவே அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில், மின்சாரத்தால் சூடேறும் தண்டுகளைக் கொண்ட 'செமிஸ்கேல்' என்னும் சிறுமாதிரி அமைக்கப்பெற்றது. 1970ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த சோதனைகளில் அவசரநீர் தண்டுகளைச் சென்று சேரவில்லை. நீராவி எதிர்த்துத் தள்ள, உடைப்பின் வழியே வெளியேறிற்று.

மாதிரி மிகச் சிறியது, பேருலைக்கு அது சான்றாகாது என்றது அணுசக்தி ஆணையம். அங்ஙனமாயின் பேருலை காக்கப்படும் என்பதற்குச் சான்று யாது என்று வினவினர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹென்றி கெண்டல் முதலானோர். 1972 சனவரியில் தொடங்கிய விசாரணையின் பதிவுகள் 22,000 பக்கங்களைக் கடந்தன.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது. ஒரு கலத்தின் நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகும்; கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடும். சிறுகலத்தில் நீரை நோக்கச் சுவர் மிகுதி. அச்சுவரின் வெப்பம் நீரை விரைந்து ஆவியாக்கும். ஆயின் பேருலை குறித்த நம்பிக்கையும் அளந்தறிந்ததன்று, கணக்கிட்டதே. 1974இல் விதிகள் இறுகின; எரிபொருள் உறையின் வெப்ப வரம்பு 2,300 பாரன்ஹீட்டிலிருந்து 2,200 ஆகக் குறைந்தது.

1978 திசம்பரில், ஐடகோவிலேயே 50 மெகாவாட் வெப்பத்திறனுள்ள 'லாப்ட்' என்னும் மெய்யான சிற்றுலையில் பேருடைப்புச் சோதனை நடந்தது. கணித்ததைவிட விரைவில் எரிபொருள் குளிர்ந்தது. ஆறுதல் நீடிக்கவில்லை. 1979 மார்ச்சில் திரீமைல் தீவில் உலை உருகியதற்குக் காரணம் பேருடைப்பன்று. மூடாது நின்ற ஒரு வால்வு. அதன் பின்னரே சிறுகசிவு பற்றிய சோதனைகள் முதன்மை பெற்றன.

1980களின் பிற்பகுதியில் செருமனியின் மன்ஹைம் நகரில், எரிபொருளின்றி, உலைக்கலத்தை முழு அளவிலேயே அமைத்துச் சோதித்தனர். உடைப்புக்கு எதிர்ப்புறத்தே நீர் தடையின்றி இறங்கிற்று. சிறுகலத்தின் குறுகிய இடைவெளியில் அப்படியோர் எதிர்ப்புறம் அமைய இடமே இருந்ததில்லை.