பஞ்சதந்திரம் யாருக்குச் சொன்ன கதை?

பஞ்சதந்திரம் என்றவுடன் ஆப்பைப் பிடுங்கிய குரங்கும், வாய் திறந்து வீழ்ந்த ஆமையுமே நம்மவர் நினைவுக்கு வரும். ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டப் பள்ளிகளிலும் அவை கீழ்வகுப்புப் பிள்ளைகளின் கதைகளாகவே நின்றுவிட்டன. ஆயின் அந்நூல் குழந்தைகளுக்காக எழுந்ததன்று. அமரசக்தி என்னும் அரசன் கல்வியில் நாட்டமற்ற தன் மைந்தர் மூவரை விஷ்ணுசர்மனிடம் ஒப்படைத்தான் என்றும், அவர் ஆறே திங்களில் அவர்களை அரசியல் அறிந்தவராக்கினார் என்றும் வடமொழி நூல் தொடங்குகிறது. நாளை நாடாள வேண்டிய இளைஞர்க்கு உரைத்த பாடம் அது.

முதற்பகுதியாகிய மித்திரபேதத்தில் பிங்கலகன் என்னும் சிங்கமும் சஞ்சீவகன் என்னும் எருதும் நட்புக் கொள்கின்றன. தமனகன் என்னும் நரி இரு பக்கமும் கோள் மூட்டுகிறது. சிங்கம் எருதைக் கொல்கிறது. நரியோ தண்டனையின்றி அமைச்சுப் பதவி பெறுகிறது. இம்முடிவு பலருக்கு உறுத்தியது. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்ற இக்கதையை 8ஆம் நூற்றாண்டில் அரபியில் பெயர்த்தவர் இப்னு அல் முகஃபா. நரியை வழக்கு மன்றில் நிறுத்தும் அதிகாரம் அவர் சேர்த்ததே என்பர். அங்கே நரி மாள்கிறது. (அறம் வென்றது, கதையின் கூர்மைதான் சற்று மழுங்கிற்று.)

தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த உரைநடை நூல் 1826இல் வெளிவந்தது. அவர் சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ்ப் புலவராயிருந்தவர். கும்பினி அலுவலுக்கு வந்த ஆங்கில இளைஞர்க்கு நம் நாட்டு மொழிகளைக் கற்பிக்க 1812இல் நிறுவப்பட்டது அச்சங்கம். ஆக, ஆள வந்த இளைஞர் கையிலேயே கதை மறுபடியும் போய்ச் சேர்ந்தது!

அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1835இல், மலாக்காவில் முன்ஷி அப்துல்லா தமிழறிந்த நண்பர் ஒருவரின் துணையோடு பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த குடியில் பிறந்தவர் அவர். இளமையில் தமிழ் பயின்றவர். மலாக்கா வணிகரிடையே தமிழ் எழுத்தும் கணக்கும் வழங்கிய காலம் அது. பாரசீக, அரபு வழியாக வந்த 'கலீலா, தமீனா' கதையும் மலாயில் உண்டு. மேற்கே சுற்றி வந்த கதையும் தமிழ்வழி வந்த கதையும் இவ்வாறு ஒரே மொழியில் சந்தித்தன.

பேராக்கின் இடைநிலைப் பள்ளிகளில் நம் மாணவர் நாள்தோறும் மலாய் படிக்கின்றனர். தாண்டவராய முதலியாரின் மித்திரபேதத்தையும் அப்துல்லாவின் மலாயையும் அருகருகே வைத்து, எருது வீழும் இடத்தை இருவரும் எவ்வாறு சொல்லியிருக்கின்றனர் என்று நான்காம் படிவ மாணவரை ஒப்பிடச் செய்வதற்குத் தமிழாசிரியர்க்கு இரண்டு பாடவேளை போதும்.